எண்ணெய்ப் பதம்

லைனர் மாற்றுவதற்காகப் பிரித்துப் போட்ட ஒரு பழைய லாரி இன்ஜினின் அருகே குந்தி, கழற்றிவைத்த லைனரின் உட்சுவரில் விரல் நகத்தை வைத்து மேலிருந்து கீழாக மெல்ல இழுத்துப் பார்த்தால், விளிம்புக்குச் சற்றுக் கீழே ஓரிடத்தில் நகம் சிறு படி ஒன்றில் இறங்கியதுபோல் தடுக்கி விழும். கண்ணுக்கு ஒரு மங்கலான வளையமாக மட்டுமே தோன்றும் அந்தப் படிக்கு மேலே உலோகம் பிறந்தபோதிருந்த அளவிலேயே இருக்கிறது. படிக்குச் சற்றுக் கீழேதான் தேய்மானம் மிக ஆழமாக நேர்ந்திருக்கிறது. அங்கிருந்து இறங்க இறங்கத் தேய்வு குறைந்து, நடுச்சுவரில் ஹோனிங் செய்த குறுக்குக் கோடுகள் பல சமயம் இன்னும் அழியாமலே நிற்கின்றன. லைனர் ஒன்று, பிஸ்டன் ஒன்று, எண்ணெயும் ஒன்று. அப்படியிருக்கத் தேய்மானம் ஏன் அந்த ஒரு வளையத்தையே தேடி வந்தது? இக்கேள்விக்கு விடை தேடிப் புறப்படுகிறவன், இன்ஜின் எண்ணெயைப் பற்றி நம்மிடையே வழங்கிவரும் அபிப்பிராயங்களில் எது மெய், எது பாதி மெய் என்பதையும் வழியிலேயே கண்டுகொள்வான்.

அந்த அபிப்பிராயங்களில் பிரதானமானது, எண்ணெய் எவ்வளவுக்குக் கெட்டியோ அவ்வளவுக்கு இன்ஜினுக்குக் காப்பு என்பது. வண்டி புகை தள்ளுகிறது, எண்ணெய் குடிக்கிறது, டாப்பெட் சத்தம் கேட்கிறது என்றால், 'கொஞ்சம் கெட்டி ஆயிலாப் போடுங்க' என்ற யோசனை பட்டறையில் முதலில் வரும். டிப்ஸ்டிக்கை உருவி, அதில் தொங்கும் துளியைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே தேய்த்து, விரல்களை மெல்லப் பிரித்துப் பார்த்தே எண்ணெயின் கதியைத் தீர்மானிக்கும் மெக்கானிக்கின் பழக்கத்துக்கும், அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும் பாட்டி அதே இரண்டு விரல்களால் கம்பிப் பதம் பார்ப்பதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் பாட்டி பார்க்கும் பாகு, அந்தக் கணத்தில் அந்தச் சூட்டில் மாவோடு சேரப்போகிற பாகு. மெக்கானிக்கின் விரலிடையே இருக்கும் துளியோ, பட்டறை நிழலில் 35 டிகிரியில் ஆறிக் கிடப்பது, வேலை செய்ய வேண்டியதோ 100 டிகிரிக்கும் 150 டிகிரிக்கும் இடைப்பட்ட உஷ்ணத்தில். விரல் சொல்லும் சாட்சியம் பொய்யன்று. வழக்குக்கு உரிய இடத்தைப் பற்றிய சாட்சியமன்று, அவ்வளவே.

படலம் உண்டாகும் விதம்

எண்ணெய் இரண்டு உலோகங்களை எப்படிப் பிரித்து வைக்கிறது என்பது 1883 வரையில் எவருக்கும் தெளிவாகத் தெரியாது. அவ்வாண்டில் இங்கிலாந்து இயந்திரப் பொறியாளர் கழகத்துக்காக ரயில் வண்டி அச்சுகளின் பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்த போஷாம்ப் டவர், எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் உச்சியில் துளையொன்று இட்டபோது, உள்ளே போக வேண்டிய எண்ணெய் அத்துளை வழியே வெளியே பொங்கி வருவதைக் கண்டார். தக்கையால் அடைத்தார், தக்கையை அது தள்ளிவிட்டது. மரமுளையால் அடைத்தார், அதையும் தள்ளிவிட்டது. அழுத்தமானி ஒன்றை அங்கே பொருத்தியபோதுதான், பேரிங்கின்மேல் ஏற்றியிருந்த சராசரிச் சுமையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலான அழுத்தம் அந்த மெல்லிய எண்ணெய்ப் படலத்துக்குள் உண்டாகியிருப்பது வெளிப்பட்டது. இதற்குரிய கணிதத்தை 1886-ல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் வகுத்துக் கொடுத்தார்: சுழலும் அச்சு, தன் மேனியில் ஒட்டிய எண்ணெயைக் குறுகிச் செல்லும் ஓர் ஆப்பு வடிவ இடைவெளிக்குள் இழுத்துச் செல்கிறது, வெளியேற வழி குறுகுவதால் எண்ணெய் அழுத்தம் பெற்று, அச்சையே தூக்கிப் பிடிக்கிறது.

குளத்தின் மேற்பரப்பில் ஓட்டாஞ்சில்லைச் சாய்த்து வீசி அது தத்தித் தத்தி ஓடுவதை ரசித்த எவருக்கும் இந்தத் தத்துவம் அந்நியமானதன்று. வேகம் இருக்கும்வரை நீர் அந்தச் சில்லைத் தாங்குகிறது. வேகம் குன்றிய கணமே சில்லு மூழ்கிவிடுகிறது. இன்ஜினில் கிராங்க் அச்சு, எண்ணெயின் மேல் ஓயாது ஓடும் சில்லு. அதற்கும் பேரிங்குக்கும் இடையே மெலிந்த இடத்தில் உள்ள படலம் ஒரு மைக்ரானுக்கு அருகிலோ, சில மைக்ரான்களோதான் இருக்கும், நம் தலைமயிரின் பருமனோ ஏறக்குறைய 70 மைக்ரான். ஆயினும் அந்தப் படலம் அறாதவரை உலோகத்தை உலோகம் தொடுவதேயில்லை, தொடாதவிடத்துத் தேய்வும் இல்லை.

1902-ல் ஜெர்மானியப் பொறியாளர் ரிச்சர்டு ஸ்ட்ரிபெக் தம் சோதனைகளைக் கோட்டுப்படமாக வரைந்து காட்டியபோது இவ்விஷயம் முழுமை பெற்றது. படலத்தின் கனத்தை நிர்ணயிப்பவை மூன்று: எண்ணெயின் பாகுநிலை, பரப்புகளின் வேகம், அவற்றின்மேல் அழுந்தும் சுமை. முதலிரண்டும் கூடினால் படலம் தடிக்கிறது; மூன்றாவது கூடினால் மெலிகிறது. தடித்த படலத்தில் மிதப்பது ஒரு நிலை; உலோகத்தின் நுண்ணிய மேடுகள் படலத்தைத் துளைத்துக்கொண்டு ஒன்றையொன்று உரசுவது மற்றொரு நிலை; இரண்டுக்கும் நடுவே பாதி மிதப்பும் பாதி உரசலுமான கலப்பு நிலை ஒன்று. ஒரே இன்ஜினுக்குள், ஒரே கணத்தில், இம்மூன்று நிலைகளும் வெவ்வேறு இடங்களில் நடந்துகொண்டிருக்கின்றன என்பதே எண்ணெயைப் பற்றிய விவாதம் எளிதில் முடியாமைக்குக் காரணம்.

லைனரின் அந்த வளையத்துக்கு இனி விளக்கம் சொல்லலாம். ஊஞ்சல் இரு கோடிகளிலும் ஒரு கணம் நின்று திரும்புவதுபோல, பிஸ்டனும் மேலே ஒருமுறையும் கீழே ஒருமுறையும் அசைவற்று நின்றே திரும்புகிறது. நடுவழியில் ஓடும்போது ரிங்குகள் எண்ணெயின்மேல் மிதக்கின்றன; மேல்கோடியில் வேகம் பூஜ்யமாகும் அக்கணத்தை ஒட்டியேதான் எரிந்த வாயுவின் அழுத்தமும் உஷ்ணமும் உச்சத்தை எட்டி, ரிங்கைச் சுவரோடு சேர்த்து அழுத்துகின்றன. சில்லு மூழ்குகிறது. வேகமே இல்லாதவிடத்தில், எவ்வளவு கெட்டியான எண்ணெயும் தன் பாகுநிலையால் மட்டும் அந்த ரிங்கை மிதக்கவைக்க இயலாது. அங்கே வேறொரு காவல் வேண்டும்.

பாகுநிலையும் உஷ்ணமும்

அந்தக் காவலைப் பற்றிப் பேசுமுன், பாகுநிலையின் சுபாவத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். நம் ஊரில் பரவலாக விற்கும் 20டபிள்யூ-40 எண்ணெயை எடுத்துக்கொண்டால், 40 டிகிரியில் அதன் பாகுநிலை 110 செண்டிஸ்டோக்கை ஒட்டியிருக்கும். 100 டிகிரியில் 14 அளவுக்கு இறங்கிவிடும். அறை உஷ்ணத்தில் தண்ணீரின் அளவு ஒன்று என்பதை நினைவில் கொண்டால் இவ்வெண்கள் உருவம் பெறும். இவ்வாறு சூட்டில் நீர்த்துப்போவது எல்லா எண்ணெய்க்கும் பொது. நீர்த்துப்போகும் அளவோ எண்ணெய்க்கு எண்ணெய் வேறுபடும். அதை அளக்க 1929-ல் டீன், டேவிஸ் என்ற இருவர் ஒரு குறியெண்ணை வகுத்தபோது, அன்று குறைவாக நீர்த்த பென்சில்வேனியா எண்ணெய்க்கு 100 என்றும், அதிகமாக நீர்த்த வளைகுடாக் கரை எண்ணெய்க்கு 0 என்றும் மதிப்பிட்டார்கள். இன்று செயற்கை எண்ணெய்கள் அந்த நூறையும் தாண்டிச் சென்றுவிட்டன.

டப்பாவின்மேல் அச்சிட்டிருக்கும் எண்களை அமெரிக்க மோட்டார்ப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ. நிர்ணயித்தது, அச்சங்கத்தின் முதல் வகுப்பீடு 1911-ல் வந்தது. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. 20டபிள்யூ என்ற எண்ணெயில் இன்ஜின் சுழலுமா என்று சோதிப்பது பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரியில். 5டபிள்யூ என்றால் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரியில். பனிக்காலத்திலும் 20 டிகிரிக்குக் கீழே எளிதில் இறங்காத சென்னையில் இந்தச் சோதனைக்கு நேர்ப் பிரயோஜனம் இல்லை என்று தோன்றலாம். எனினும் டபிள்யூவுக்கு முன்னுள்ள எண் சிறிதாக இருக்கும் எண்ணெய், விடியற்காலையில் சாவியைத் திருப்பியதும் பம்பிலிருந்து கேம் அச்சு வரையில் சற்று விரைந்தே போய்ச் சேரும் என்பதால், நமக்கும் அதில் ஒரு சிறு ஆதாயம் இல்லாமற் போகவில்லை.

டபிள்யூவுக்குப் பின்னுள்ள எண்ணே நம் நாட்டில் பிரதானம். 100 டிகிரியில் 9.3 முதல் 12.5 செண்டிஸ்டோக் வரை இருப்பது 30. அதற்கு மேல் 16.3 வரை 40. அதற்கும் மேல் 21.9 வரை 50. ஆனால் பேரிங்குக்குள் எண்ணெய் சும்மா நிற்பதில்லை. சுழலும் அச்சுக்கும் நிலையான ஓட்டுக்கும் இடையே விநாடிக்குப் பத்து லட்சம் மடங்கு என்ற வேகத்தில் அது கத்தரிக்கப்படுகிறது. ஆகவேதான் 150 டிகிரியில், அதே கத்தரிப்பு வேகத்தில் எஞ்சும் பாகுநிலையைத் தனியே அளந்து, எச்.டி.எச்.எஸ். என்ற பெயரால் வழங்குகிறார்கள். 20 என்ற தரத்துக்கு அது 2.6 மில்லிபாஸ்கல் விநாடிக்கும், 30-க்கு 2.9-க்கும், 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50 போன்றவற்றுக்கு 3.7-க்கும் குறையலாகாது. பேரிங்கின் ஆயுளை முன்னறிவிப்பதில் இந்த எண்ணுக்கு ஈடானது டப்பாவின் முகப்பில் இல்லை. ஆயினும் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் இதைப் பார்ப்பதேயில்லை.

ஒரே எண்ணெய் குளிரிலும் சூட்டிலும் இருவேறு தரங்களாக நடந்துகொள்வதற்கு அதில் கலந்த நீண்ட பாலிமர் இழைகள் காரணம். குளிரில் சுருண்டு கிடக்கும் அவை, சூட்டில் அவிழ்ந்து பரந்து, எண்ணெய் அளவுக்கு மீறி நீர்த்துவிடாமல் தடுக்கின்றன. ஆனால் பல்சக்கரங்களின் பற்களிடையே நசுங்கும்போது இவ்விழைகள் அறுந்துபோகின்றன; அறுந்தவை மீண்டும் ஒட்டுவதில்லை. நம் மோட்டார் சைக்கிள்களில் இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே எண்ணெயில் குளிப்பதால், 50 என்று புகுந்த எண்ணெய் சில ஆயிரம் கிலோமீட்டருக்குப் பின் 40 ஆகவும் அதற்கும் கீழாகவும் இளைத்துவிடுவது அபூர்வமன்று.

ரசாயனக் காவல்

படலம் அறும் இடத்தில் காக்க வருவது எண்ணெயின் குணம், அதாவது அதில் கரைந்துள்ள சரக்குகள். இவற்றுள் மூத்ததும் முதன்மையானதும், துத்தநாகமும் பாஸ்பரஸும் கந்தகமும் கூடிய ஒரு சேர்மம். தொழில் செய்வோர் அதைச் சுருக்கமாக சிங்க் என்றே சொல்வார்கள். பேரிங்கை அரிப்பிலிருந்தும் எண்ணெயை ஆக்ஸிஜனிலிருந்தும் காப்பதற்காக 1940-களில் புகுத்தப்பட்ட அது, கேமும் டாப்பெட்டும் உரசும் இடங்களில் தானே ஒரு மேற்பூச்சை இட்டுத் தேய்வைத் தடுக்கிறது என்பது பின்னரே அறியவந்தது. அந்தப் பூச்சு ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு அளவே பருமன் உள்ளது. உரசலாலும் சூட்டாலும் உண்டாகி, உரசலாலேயே தேய்ந்து, மீண்டும் உண்டாகிக்கொண்டே இருப்பது. உலோகம் தேய வேண்டிய இடத்தில் அது தேய்கிறது.

இத்தகைய அருமருந்தை வேண்டிய மட்டும் கலந்துவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். சுவரைத் தாண்டி எரியும் சொற்ப எண்ணெயோடு வெளியேறும் பாஸ்பரஸ், புகைக்குழாயில் உள்ள கேட்டலிஸ்டை நஞ்சூட்டிக் கெடுக்கிறது. ஆகையால் 2004 முதல் பெட்ரோல் கார்களுக்கான எண்ணெயில் பாஸ்பரஸ் 0.08 சதவிகிதத்துக்கு மேற்படலாகாது என்று வரம்பிட்டார்கள்; மிகவும் குறைத்துவிட்டால் தேய்மானம் மிகும் என்பதால் 0.06 என்ற கீழ்வரம்பையும் விதித்தார்கள். இன்ஜினின் ஆயுளும் ஊரின் காற்றும் இவ்விரு எண்களின் நடுவே சமரசம் செய்துகொண்டிருக்கின்றன.

சிங்க் மட்டுமே சரக்கன்று. எரியும் ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலும் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீரைப் பிறப்பிக்கிறது. இன்ஜின் சூடேறியிருந்தால் அது ஆவியாய்ப் புகையோடு போய்விடும், சூடேறுமுன் நிறுத்திவிட்டாலோ குளிர்ந்த சுவரில் வியர்த்து, எரிவின் அமிலங்களோடு சேர்ந்து இரும்பை அரிக்கும். சிலிண்டர்த் தேய்மானத்தை 1930-களில் இங்கிலாந்தில் ஆராய்ந்தவர்கள், உரசலே காரணம் என்றெண்ணியிருந்த தேய்வில் பெரும்பங்கு உண்மையில் குளிர்ந்த இன்ஜினில் நிகழும் இந்த அரிப்பே என்று கண்டது ஒரு திருப்பம். அமிலத்தைத் தணிக்கும் காரச் சரக்கும், கரித்துகளைக் கட்டியாகச் சேரவிடாமல் மிதக்கவைக்கும் சரக்கும் எண்ணெயில் இடம்பெற்றன. டீசல் வண்டியில் புதிதாக ஊற்றிய எண்ணெய் சில நாட்களிலேயே கறுத்துவிடுவது கண்டு 'ஆயில் செத்துப்போச்சு' என்பவர்கள் உண்டு. அந்தக் கறுப்பு பெரும்பாலும் எண்ணெய் தன் கடமையைச் செய்துகொண்டிருப்பதற்கே அடையாளம், கரி சுவரில் படியாமல் எண்ணெயில் மிதக்கிறது என்பதே அதன் பொருள்.

இக்குணங்களை எல்லாம் சோதித்து வகுத்ததே அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் ஏ.பி.ஐ. எழுத்துக் குறி. பெட்ரோல் வண்டிக்கு எஸ், டீசலுக்கு சி என்று தொடங்கி, அடுத்த எழுத்து அகரவரிசையில் முன்னேற முன்னேற, இடையில் சில எழுத்துகளைத் தாண்டினாலும், தரம் புதிதாகிறது. 2020-ல் எஸ்.பி. வந்துவிட்டது, எஸ்.எஃப். என்பதோ 1980-க்குரிய தரம். 40 என்ற எண் ஒன்றாகவே இருக்க, நாற்பது ஆண்டுக் கால ரசாயன வித்தியாசம் அந்த ஓர் எழுத்தில் அடங்கிக் கிடக்கிறது. கெட்டித்தனத்தை மட்டும் பார்த்து வாங்குகிறவர் இழப்பது இதைத்தான்.

மெலிந்த எண்ணெயின் வழக்கு

1973-ன் எண்ணெய் நெருக்கடிக்குப்பின், 1975-ல் அமெரிக்கா கார்களின் எரிபொருள் சிக்கனத்துக்குச் சட்டம் இயற்றியதிலிருந்து, உற்பத்தியாளர்கள் மேலும் மேலும் மெலிந்த எண்ணெயை நாடலானார்கள். கெட்டியான எண்ணெயைக் கடைந்துகொண்டே சுழல்வதில் எரிபொருளின் ஒரு பகுதி வீணாகிறது. அமெரிக்காவும் ஜப்பானும் 30-லிருந்து 20-க்கு இறங்க, ஐரோப்பியர் நெடுஞ்சாலையில் நெடுநேரம் விரையும் தம் கார்களுக்காக 3.5-க்குக் குறையாத எச்.டி.எச்.எஸ். வேண்டும் என்று பல காலம் பிடிவாதமாக நின்றார்கள். எஸ்.ஏ.இ. 2013-ல் 16 என்ற தரத்தையும், 2015-ல் 12, 8 என்ற தரங்களையும் சேர்த்தது. இறுதித் தரத்தின் எச்.டி.எச்.எஸ். எல்லை 1.7 மட்டுமே.

எச்.டி.எச்.எஸ். 2.6-க்குக் கீழே இறங்கினால் அக்கால இன்ஜின்களில் பேரிங்கும் ரிங்கும் வேகமாகத் தேய்கின்றன என்பது பழைய சோதனைகளின் முடிவு. அது பொய்யாகிவிடவில்லை, இன்ஜின்தான் மாறியது. பேரிங்குகளின் இடைவெளியும் பரப்பும் மறுபடி கணிக்கப்பட்டன, கேமின்மேல் வழுக்கும் டாப்பெட்டுக்குப் பதில் உருளும் சக்கரம் வந்தது, பரப்புகள் மேலும் வழவழப்பாயின. பரப்பின் மேடுகள் தாழ்ந்துவிட்டால் மெலிந்த படலமும் போதுமானதாகிறது. இதை மிகத் தெளிவாக எடுத்துக்காட்டியது டீசல் உலகம்: 2016 டிசம்பரில் ஏ.பி.ஐ. ஒரே சமயத்தில் இரண்டு தரங்களை வெளியிட்டது; சி.கே.-4 என்பதற்கு எச்.டி.எச்.எஸ். 3.5-க்குக் குறையலாகாது, எஃப்.ஏ.-4 என்பதற்கு 2.9 முதல் 3.2 வரை. மெலிந்த பின்னதைப் பழைய லாரிகளில் ஊற்றலாகாது என்பதற்காகவே எழுத்தையே மாற்றிவைத்தார்கள். ஆக, மெலிந்தது நல்லதா கெட்டியானது நல்லதா என்ற கேள்வி, எந்த இன்ஜினுக்கு என்ற சொல்லைச் சேர்க்காதவரை பொருளற்றது.

கெட்டியாகப் போனாலும் தீங்கு உண்டு. 10டபிள்யூ-30-க்கென வகுத்த இன்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றினால், காலையில் எண்ணெய் கேமுக்கு எட்டத் தாமதமாகும். குறுகிய இடைவெளிகளில் ஓட்டம் குன்றி, எண்ணெய் கொண்டுபோக வேண்டிய சூடு அங்கேயே தங்கும். உள் உரசலால் எண்ணெய் தானே சூடேறி, நாம் கூட்டிய கெட்டியில் ஒரு பங்கைத் தானே இழந்துவிடும். தேய்ந்த இன்ஜினில் கெட்டி எண்ணெய் சத்தத்தை அடக்கும், புகையைச் சற்றுக் குறைக்கும். அந்தப் படியை அது நிரப்பாது.

நம் சாலைகளில்

நம் நாட்டில் வழக்கு மேலும் சிக்கலானது. காற்றால் குளிரும் 350 சி.சி. ராயல் என்ஃபீல்டுக்கு 15டபிள்யூ-50-ஐயும், சிறிய ஸ்கூட்டர்கள் பலவற்றுக்கு 10டபிள்யூ-30-ஐயும் உற்பத்தியாளர் விதிப்பது, சூட்டையும் சுமையையும் இடைவெளியையும் கணக்கிட்டுச் செய்த நிர்ணயம். மோட்டார் சைக்கிளில் எண்ணெயில் நனையும் கிளட்ச் இருப்பதால், உரசலைக் குறைக்கும் சரக்குகள் மிகுந்த கார் எண்ணெயை ஊற்றினால் கிளட்ச் நழுவும். அதற்கென ஜப்பானியர் வகுத்த ஜாஸோ எம்.ஏ. என்ற குறியையும், கிளட்ச் எண்ணெயில் நனையாத ஸ்கூட்டர்களுக்கு எம்.பி. என்ற குறியையும் டப்பாவில் பார்த்து வாங்க வேண்டும். காலையில் பால் வாங்கவும் பிள்ளையைப் பள்ளியில் விடவும் இரண்டு இரண்டு கிலோமீட்டராக ஓடும் ஸ்கூட்டர், சேலத்துக்கும் மும்பைக்குமாக ஓயாது ஓடும் லாரியைவிடத் தன் எண்ணெயை விரைவில் கெடுத்துக்கொள்கிறது என்றால் பலரும் நம்பமாட்டார்கள். ஆனால் சூடேறாத இன்ஜினில் தண்ணீரும் பெட்ரோலும் எண்ணெயில் கலந்துகொண்டே இருப்பதால், கிலோமீட்டர் ஏறாவிட்டாலும் சில மாதங்கள் கடந்ததும் எண்ணெய் மாற்ற வேண்டியதாகிறது.

இதற்கு மறுபுறமும் உண்டு. அடிக்கடி மாற்றுவதே பக்தி என்பதும் சரியன்று. ஃபோர்டு நிறுவன ஆய்வாளர்கள் 2007-ல் வெளியிட்ட சோதனைகளில், ஓரளவு ஓடிப் பதப்பட்ட எண்ணெய், புத்தம் புது எண்ணெயைவிட வால்வுத் தொகுதியைக் குறைவாகவே தேய்த்தது. பழகிய எண்ணெயில் காப்புப் பூச்சு நன்றாக உருவாகியிருந்ததே காரணம் என்றார்கள். எண்ணெய் பழையதாவதைவிடப் பெரிய பகை தூசி. படலத்தின் பருமனை ஒத்த மணல்துகள், படலத்தைத் தாண்டி இரு உலோகங்களையும் ஒருங்கே கீறும். கிழிந்த ஏர் ஃபில்டரோடு கல்குவாரிச் சாலையில் ஓடும் டிப்பரை, எந்த விலை உயர்ந்த எண்ணெயும் காப்பாற்றாது. அதோடு, பழைய எண்ணெயை வடிகட்டிப் பெயர்பெற்ற டப்பாக்களில் அடைத்து விற்கும் 'டூப்ளிகேட்' வியாபாரம் நடப்பதால், எண்ணெய் ஊற்றியதும் காலி டப்பாவை அங்கேயே கிழித்து எறிந்துவிட்டு வருவதும் இன்ஜினைக் காக்கும் காரியங்களில் ஒன்றாகிவிட்டது.

இவ்வளவையும் தொகுத்துப் பார்த்தால், தேய்மானத்துக்கு எதிரான காவல் ஒருவரிடம் ஒப்படைக்கப்படவில்லை என்பது விளங்கும். கிராங்கைப் பாகுநிலை காக்கிறது; கேமையும் ரிங்கையும் ரசாயனம் காக்கிறது; காலைக் குளிரில் காரச் சரக்கு காக்கிறது; இவை அனைத்தையும் தூய்மை காக்கிறது. கெட்டித்தனம் ஒன்றையே நம்புகிறவர், நான்கு வாசல் உள்ள வீட்டில் ஒரு வாசலுக்கு மட்டும் இரட்டைப் பூட்டுப் போட்டவர் ஆகிறார். பாகு காய்ச்சுகிற பாட்டியும் கெட்டியாக்குவதையே குறிக்கோளாகக் கொள்வதில்லை. பதம் தப்பி முறுகிய பாகில் அதிரசம் கல்லாகிவிடும் என்று அவளுக்குத் தெரியும். டப்பாவில் உள்ள இரண்டு எண்களையும் சில எழுத்துகளையும் வண்டியோடு வந்த கையேட்டோடு ஒத்துப்பார்ப்பதே இன்ஜினுக்குப் பதம் பார்க்கும் வழி. அந்தச் சிறு சிரத்தை பல ஆண்டுகள் தவறாமல் நடந்த வண்டியின் லைனரை என்றேனும் பிரித்துப் பார்க்கும் மெக்கானிக், உட்சுவரில் நகத்தை இழுக்கும்போது, அது எங்கே தடுக்க வேண்டுமோ அங்கே தடுக்கிறதா என்று இரண்டாம் முறையும் இழுத்துப் பார்ப்பார்.